தலையில் கூடை இருக்கிற வரைக்கும்

டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டில் செய்தித்தாள் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். நாள் தவறாமல் வெளிவந்தது. மழைக்கும் வாடைக்காற்றுக்கும் நின்றதில்லை. கங்கையம்மன் திருவிழாவுக்கு மட்டும் விடுமுறை. அதன் பெயர் ராஜம்மாள். பக்கத்து மீனவக் குப்பமான தோணிரேவைச் சேர்ந்த நண்டுக் கூடைக்காரி.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பொன்னேரிப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு சின்ன நாளிதழில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எங்கள் பத்திரிகையில் என்னென்ன உண்டோ அத்தனையும் ராஜம்மாளிடம் இருந்தது. கப்பல் வரவு, சந்தை நிலவரம், கல்யாணம், சாவு, ஊர் வம்பு, மறுப்பு, எல்லாம். எங்களிடம் இல்லாதது ஒன்றும் அவளிடம் இருந்தது. அவள் எப்போது வருவாள் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள்.

அவளைப் பற்றி ஓலையிலோ காகிதத்திலோ தேட வேண்டாம். டச்சுக் கோட்டைச் சமையலறைக்கு நண்டு கொண்டுபோனவளை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்? தோணிரேவு வாயில் புழங்கியது கொஞ்சம், நான் கூட்டிச் சேர்த்தது கொஞ்சம். எது எவ்வளவு என்று கேட்காதீர்கள், கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

ராஜம்மாள் முதலில் மற்றப் பெண்களைப்போல ஏரியில் இறங்கி இறால் தடவிக்கொண்டிருந்தவள்தான். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றில் கையால் தடவி, அகப்பட்டதை ஓலைப்பறியில் போட வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். இந்த வேலை ராஜம்மாளுக்கு ஒத்துவரவில்லை. தடவத் தெரியாமல் இல்லை. காலை முழுவதும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பறியோடு அத்தனை இறாலையும் ஏரிக்கே திருப்பிக் கொடுத்த பிறகு, அவளுடைய மாமியார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். "நீ தடவ வாணாம்டியம்மா. மத்தவங்க தடவுனத எடுத்துகினு போயி வித்துட்டு வா. வாய்க்கும் வேல கெடைக்கும்."

இப்படித்தான் பத்திரிகை தொடங்கப்பட்டது.

காலையில் ஏரிக்கரையில் இறாலும் நண்டுமாகக் கூடை நிரம்பியதும் ராஜம்மாள் கரையோரமாகவே பழவேற்காட்டுக்கு நடப்பாள். கோட்டைச் சமையலறையில் ஜெசிந்தா என்று ஒரு சமையல்காரி இருந்தாள். பறங்கித் தகப்பனுக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்தவள். தமிழைத் தமிழச்சிபோலவே பேசினாள், திட்டுவதை மட்டும் தகப்பன் பாஷையில் வைத்துக்கொண்டாள். கோட்டைக்குள் எது நடந்தாலும் சமையலறையைத் தாண்டித்தான் நடக்கும். துரைக்குக் கோபம் என்றால் சாப்பாடு திரும்பி வரும். கப்பல் வருகிறது என்றால் கோழி கூடுதலாக அறுபடும். நண்டைக் கொடுத்துவிட்டு ராஜம்மாள் அடுப்படியில் குந்துவாள். எழுந்திருக்கும்போது அன்றைய இதழ் தயாராக இருக்கும்.

மத்தியானத்துக்கு மேல், கடைத்தெருவில் வாங்கிய அரிசியும் மிளகாயும் கூடையில் கனக்க, தோணிரேவுக்குத் திரும்புவாள். வீட்டுக்கு வீடு நின்று சேதி சொல்வாள். ஒரே சேதியை எல்லா வீட்டுக்கும் சொல்ல மாட்டாள். அது சோம்பேறிப் பத்திரிகைக்காரன் செய்கிற வேலை. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வீட்டில் மாப்பிள்ளைச் செய்தி. படகு கட்டுகிற வீட்டில் மர விலை. சண்டைக்கார மருமகள் வீட்டில், அடுத்த தெரு மருமகள் என்ன பேசினாள் என்பது. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் அடைத்துவிட்டதா என்பது மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது. அதில் மட்டும் ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ மாட்டாள். மீனும் இறாலும் அந்த வாய் வழியாகத்தான் வர வேண்டும், அதில் விளையாடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் நாகப்பன். வலை இழுத்து வலது தோள் இறங்கிப்போனதால் ஊர்க்காரர்கள் அவனிடம் தமுக்கைக் கொடுத்திருந்தார்கள். கோட்டையின் உத்தரவையும் ஊர்ப் பஞ்சாயத்தின் முடிவையும் தமுக்கடித்துச் சொல்வது அவன் உத்தியோகம். ஆக, அரசிதழும் நாளிதழும் ஒரே கூரையின் கீழ் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தன. அரசிதழுக்கு அதில் தீராத மனக்குறை. அவன் தமுக்கைத் தட்டி, தொண்டையைச் சரிசெய்து, "சகலமான சனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னவென்றால்" என்று ஆரம்பிக்கும்போதே எதிரில் இருப்பவர்கள், "தெரியும் நாகப்பா, ராஜம்மா நேத்தே சொல்லிடுச்சி, நீ போயி கஞ்சிய குடி" என்பார்கள்.

"ஒரு தபா, ஒரே ஒரு தபா, நான் சொல்ற வரைக்கும் வாய மூடிகினு இருக்கக் கூடாதா நீ?" என்று அவன் வீட்டில் கேட்பான்.

"பறிய கடிச்சிகினே மூட முடியாத வாய்யா இது. உன் பேச்சுக்கா மூடிக்கும்?" என்பாள் ராஜம்மாள்.

இனி கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே கூடையில்தான் இருக்கிறது. எந்தச் சேதியையும் ராஜம்மாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சொல்வாள். விலை ஏறினாலும், மாடு காணாமல் போனாலும், யாரோ யாரையோ இழுத்துக்கொண்டு எளாவூர் பக்கம் ஓடிப்போனாலும் கூடை தலையில்தான். கழுத்து அசையாது, கண் மட்டும் அசையும். சாவுச் சேதிக்கு மட்டும் கூடையை இறக்கி வைப்பாள். வாசலில் நின்று, குனிந்து, கூடையைத் தரையில் வைத்தாள் என்றால் அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். கூடைக்கு அடியில் வைக்கும் சும்மாடு தலையிலிருந்து கீழே வருவதற்குள் தெருவே கூடிவிடும்.

ஏன் அப்படி என்று யாரோ ஒருமுறை கேட்டார்களாம். "கூடைய தலையில வச்சிகினு எப்டிமே கட்டிப் புடிக்கிறது? அதுக்கு ரெண்டு கையும் வேணும்ல?" என்றாளாம். நான் வேலை பார்த்த பத்திரிகையில் இரங்கல் செய்திக்குக் கறுப்புக் கோடு போடுவோம். எவ்வளவு தடிமன் கோடு என்று ஒரு நாள் பெரிய சண்டையே நடந்தது. கட்டிப் பிடிப்பது பற்றி யாரும் பேசவில்லை.

ராஜம்மாள் இருந்த தெருவில் முனியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். சின்ன வயசு. அவள் புருஷன் செங்கல்வராயன், துறைக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களுக்குப் படகில் துணிமூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். மூட்டையைக் கப்பலில் ஏற்றி ஏற்றி, ஒரு நாள் தானும் ஏறிவிட்டான். டச்சுக்காரர்களின் படேவியாவுக்கு, அதாவது சாவகத்தீவுக்கு, கப்பல் வேலையாளாகப் போய்விட்டான். போனால் எப்போது திரும்புவான் என்று காற்றுக்குத்தான் தெரியும். அவன் போன பிறகு முனியம்மாளுக்கு நாளிதழில் ஒரே ஒரு செய்திதான் வேண்டியிருந்தது. ராஜம்மாள் தெருமுனையில் திரும்பியதும் அவள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள், தலையைப் பார்ப்பாள். கூடை இருந்தால் அவனும் இருக்கிறான். அதோடு திரும்பித் தன் வேலையைப் பார்ப்பாள். முகத்துவாரம் திறந்ததா மூடியதா என்பதுகூட அவளுக்கு அப்புறம்தான்.

இப்படி இருக்கையில் கோட்டைப் பெரிய துரைக்குப் பல் வலித்தது.

அன்று ராஜம்மாள் கொண்டுபோனதில் ஒரு நண்டு பெரிசு. துரைக்கென்றே எடுத்து வைத்தது. ஜெசிந்தா அதன் கட்டை அவிழ்த்து, கொதிநீரில் போடப் போகும் சமயம், துரை கஞ்சி தவிர எதையும் தொட மாட்டார் என்று ஆள் வந்து சொன்னான். ஜெசிந்தா தகப்பன் பாஷையில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, நண்டின் கொடுக்கைக் கோரைப்புல்லால் மறுபடி கட்டி, ராஜம்மாளின் கூடையில் போட்டாள். சமையல்காரி கட்டிய கட்டு. நண்டுக்காரி கட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை.

தோணிரேவு வரைக்கும் நண்டு பொறுமையாக வந்தது. முனியம்மாள் வாசலில் இறாலைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். ராஜம்மாள் நின்று, "முனிம்மா, மொகத்துவாரம்" என்றாள். அதற்குள் நண்டு கட்டை அவிழ்த்துக்கொண்டு, கூடையின் விளிம்பில் ஏறிக் கொடுக்கை நீட்டி, அவள் காதைக் கவ்வியது.

ஏரி நண்டு கவ்வினால் என்ன ஆகும் என்று பழவேற்காட்டில் யாரையும் கேட்டுப் பாருங்கள். ராஜம்மாள் கூடையைத் தரையில் போட்டாள், நண்டு மட்டும் காதை விடாமல் கூந்தலுக்குள் தொங்கியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். பேச்சு வரவில்லை. அவள் வாழ்க்கையில் பேச்சு வராமல் போனது அந்த ஒரு தடவைதான், அது நேர்ந்த நேரம் பார்த்தீர்களா!

கூடை கீழே. ராஜம்மாள் கண்ணில் தண்ணீர். முனியம்மாளின் வாசல்.

முனியம்மாள் கேள்வியே கேட்கவில்லை. இடது கையை ஓங்கிச் சுவரில் அடித்தாள், கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கியது. தெருப் பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஓடிவந்து மாரடித்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். செங்கல்வராயன் எவ்வளவு தங்கமான பிள்ளை என்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. போன மாசம்வரை அவனை ஊர்சுற்றி என்று சொன்னவள்தான் எல்லாருக்கும் மேலாகப் பாடினாள். யாரோ ஒருவர் காட்டூருக்கே ஓடிவிட்டார். அங்கே செங்கல்வராயனின் சித்தப்பா பெருமாள், வலையை விட்டு ஏரைப் பிடித்தவர், பயிர் செய்துகொண்டிருந்தார்.

ஏரிக்கரையில் நின்ற நாகப்பனுக்கும் ஒப்பாரி கேட்டது. விஷயம் தெரிந்ததும் அவனுக்குள் இருந்த பத்திரிகைக்காரன் விழித்துக்கொண்டான். கூடை கீழே இருக்கிறது, ராஜம்மாள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளை முந்த ஒரு வாய்ப்பு! விசாரிக்கவாவது செய்தானா? தமுக்கை எடுத்தான். "சகலமான சனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னவென்றால், கப்பலுக்குப் போன நம்ம செங்கல்வராயன் கடல்மேல் காலமாகிவிட்டான்!" என்று மூன்று தெருவிலும் அடித்துவிட்டான். கடல்மேல் என்பது அவனாகச் சேர்த்துக்கொண்டது. முந்தித் தருகிற செய்தியில் இப்படி ஒரு சொல் எப்படியோ வந்து ஒட்டிக்கொள்ளும்.

முனியம்மாள் ராஜம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நண்டு, காதை விட்டுவிட்டு முனியம்மாளின் சேலையைப் பிடித்தது. அவள் அழுகையை நிறுத்திக் குனிந்து பார்த்தாள்.

"இன்னாக்கா இது? நண்டா?"

"நண்டுமே" என்றாள் ராஜம்மாள், மூச்சு வந்து.

"அப்போ அவுரு?"

"அவுருக்கு இன்னா? நல்லாத்தான் கீறாரு. எனக்குத்தான்மே காது போச்சி!"

ஒப்பாரி நின்றுபோன அமைதியில் மூன்றாம் தெருவிலிருந்து நாகப்பனின் தமுக்குச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டதாம்.

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. கூடையை நம்பி ஊரே அழுதுவிட்டது, அதற்கு என்ன பதில் என்று கேட்டார்கள். ராஜம்மாள் காதைக் காட்டினாள். காது இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதனாலேயே தீர்ப்பு கடுமையாக வந்தது. ஒன்று, வீடு வீடாகப் போய் மறுப்புச் சொல்ல வேண்டும். இரண்டு, இனி முனியம்மாள் வாசலில் எக்காரணம் கொண்டும் கூடையை இறக்கக் கூடாது, தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதானாலும் சரி. கங்கையம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

மறுப்பின் கதியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாவுக்கு ஓடிவந்த சனம், சாகவில்லை என்பதைக் கேட்க வாசலுக்குக்கூட வரவில்லை. அரசிதழும் மறுப்பு வெளியிட்டது. தான் தவறு செய்ததாகச் சொன்னால் உத்தியோகத்துக்கு இழுக்கு அல்லவா? அதனால் நாகப்பன், "முன்னால் அறிவித்த சாவு இப்போதைக்கு இல்லை" என்று தமுக்கடித்தான். ஊரில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

காட்டூருக்கு மறுப்பு போய்ச் சேரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்தபோது பெருமாள் தலை மழித்துக் கருமாதியும் முடித்து ஊருக்குச் சோறும் போட்டுவிட்டார். "தமுக்கடிச்சி சொன்னாங்களா இல்லியா? சொன்னது சொன்னதுதான். வாய்க்கு வாய் மாத்தி சொன்னா நான் எத நம்புறது?" என்றார். அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று சாதிக்கிறவர்களை எனக்குத் தெரியும். பெருமாள் அவர்களுக்கெல்லாம் முன்னோர்.

முனியம்மாளுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை என்பதுதான் விசேஷம். பொய்யாகச் சாவுச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்பது அவர்கள் நம்பிக்கை. அதுவும் ஒப்பாரி வைத்து, தமுக்கடித்து, வளையல் உடைந்து, காட்டூரில் கருமாதிவரை நடந்தாகிவிட்டது. எமனே கணக்கு முடிந்தது என்று போயிருப்பான். "யக்கா, உன் நண்டு என் புருஷனுக்கு நூறு வயசு குடுத்துட்டுது" என்று அவளே ராஜம்மாளின் காதுக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள். அதிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ராஜம்மாள் கடைசி வீடாக முனியம்மாள் வாசலுக்கு வருவாள், அன்றைய சேதி முழுவதையும் சொல்வாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டேதான். சத்தியம் சத்தியம்தானே.

செங்கல்வராயன் திரும்பி வந்தான். கறுத்து, இளைத்து, கையில் பூப்போட்ட சீனக் கிண்ணத்தோடு. ஊரே சிரித்துக்கொண்டு வரவேற்றதில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தப்பாவைப் பார்க்கக் காட்டூருக்குப் போனபோது, களத்துமேட்டில் நின்றவர்கள் அலறி ஓடினார்கள். பெருமாள் மட்டும் ஓடவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்தது சரிடா. கருமாதி சோறு துன்னவனுக்கெல்லாம் நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் வேணா திரும்பிப் போயிடட்டுமா சித்தப்பா?"

"போறதுன்னா இருட்டறதுக்கு முன்னாடி போ. இன்னும் நாலு பேரு பாக்கப் போறான்."

இதை அவனே தோணிரேவில் நடித்துக் காட்டுவானாம். ராஜம்மாளைக் கண்டால் கும்பிடுவான். "யக்கா, நான் செத்தது எனக்கே தெரியாம பூட்டுதே, ஒரு ஆள் அனுப்பிச்சி சொல்லிருக்கக் கூடாதா?" என்பான். நல்ல பிள்ளை. ஒப்பாரியில் பாடியது பொய்யில்லை.

ஆனால் கப்பலேறிய கால் கரையில் நிற்குமா? மறு வருஷம் மறுபடி படேவியா என்றான். தடுக்க வேண்டியவள் முனியம்மாள்தான், அவள் தடுக்கவில்லை. "போயிட்டு வரட்டும்க்கா. அதுக்குத்தான் ஆயுசு கெட்டியாச்சே" என்று சிரித்தாள். போகும்போது துறைவரை போய் வழியனுப்பினாள். முதல் தடவை அழுததுபோல இந்தத் தடவை அழவுமில்லை. ராஜம்மாளும் கூட நின்று கையசைத்தாள், தலையில் கூடையோடு.

அதற்குப் பிறகு எத்தனையோ இதழ் வந்தது. நாகப்பன் எத்தனையோ தடவை பிந்தினான். முகத்துவாரம் அடைந்தது, திறந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்து ஓய்ந்து, கிழக்கிலிருந்து கொண்டல் அடிக்கத் தொடங்கிய ஒரு நாள், ராஜம்மாள் கோட்டைச் சமையலறைக்குப் போனபோது ஜெசிந்தா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். நண்டைப் பார்க்கவில்லை. ராஜம்மாளை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். தகப்பன் பாஷையிலும் சரி, தாய் பாஷையிலும் சரி, யாரையும் திட்டவில்லை. அதிலேயே ராஜம்மாளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் கப்பல் வந்திருந்தது. தோணிரேவு ஆள் அதில் இல்லை. படேவியாவில் காய்ச்சல் கண்டு இறந்த செங்கல்வராயனை அங்கேயே புதைத்துவிட்டார்கள். கூட இருந்தவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னது. இந்த முறை நண்டு இல்லை, தமுக்கு இல்லை, மறுப்புக்கு இடமே இல்லை.

ராஜம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். அரிசி வாங்கினாளா மிளகாய் வாங்கினாளா என்று அவளுக்கே நினைவில்லை. அந்த நண்டு மட்டும் கடிக்காமல் இருந்திருந்தால் முனியம்மாள் அவனை இரண்டாம் தடவை போகவிட்டிருப்பாளா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அப்படி யோசிப்பதில் அர்த்தமில்லை என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். அவளுக்கு அன்று அது ஒன்றுதான் ஓடியது.

ஊர் எல்லையில் நாகப்பன் நின்றிருந்தான். அவனுக்கும் துறையில் தெரிந்திருந்தது. தமுக்கு தோளில் தொங்கியது, அடிக்கவில்லை.

"அடிக்கணும்னு யாரும் இன்னும் சொல்லல. சொன்னாலும் நான் அடிக்கிறதா இல்ல" என்றான்.

"வாணாம்யா" என்றாள் அவள். "நான் போறேன்."

அன்று தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ராஜம்மாள் நின்றாள். மர விலை சொன்னாள், மாப்பிள்ளை சொன்னாள், முகத்துவாரம் திறந்திருக்கிறது என்றாள். எல்லாம் சரியாகவே சொன்னாள். முனியம்மாள் வாசல் வந்ததும் நின்றாள்.

முனியம்மாள் வலை முடிந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல நிமிர்ந்து தலையைப் பார்த்தாள். கூடை இருந்தது. குனிந்து வேலையைப் பார்த்தாள்.

"மொகத்துவாரம் தொறந்துகினு கீது" என்றாள் ராஜம்மாள்.

"அப்டியா?"

"ஜெசிந்தாவுக்கு இடுப்பு வலியாம். தொரைக்கு இப்போ பல்லு தேவல. அரிசி வெலதான் ஏறிப் போச்சி."

"ஊம்."

"எளாவூர்ல ஒருத்தன் மாட்ட காணோம்னு தேடிகினு கீறான்."

"அது போன வாரமே சொன்னியேக்கா."

"சொன்னனா?" ராஜம்மாள் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மொகத்துவாரம் தொறந்துகினு கீதுமே."

முனியம்மாளின் கை வலையில் நின்றது. மறுபடி நிமிர்ந்தாள். இந்த முறை கூடையைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சேதி சொல்லும்போது ராஜம்மாளின் முகத்தைப் பார்த்தாள். கழுத்து ஆடாமல் நேராகத்தான் இருந்தது. வழக்கத்தில் அசைகிற கண் அசையவில்லை. அவளால் கூடையை இறக்க முடியாது, சத்தியம் செய்திருக்கிறாள். தலையில் கூடையோடு சொல்லவும் முடியாது, ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. இதற்கு என்ன செய்வது என்று பஞ்சாயத்துக்காரர் யாரும் அன்று யோசிக்கவில்லை. பாவம், அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

முனியம்மாள் மடியிலிருந்த வலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். இரண்டு கையையும் உயர்த்தி, ராஜம்மாளின் தலையிலிருந்த கூடையைத் தூக்கி, அரிசி சிந்தாமல் மெல்லத் தரையில் இறக்கி வைத்தாள். சும்மாட்டையும் எடுத்துக் கூடைமேல் போட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியேமே" என்றாள் ராஜம்மாள். "முனிம்மா, நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல வாணாங்க்கா" என்றாள் முனியம்மாள். "ரெண்டு கையும் குடு."